பெயருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

 

இன்றைய உரையின் பொருள் அமெரிக்கக் கல்லூரிப் படிப்பு. அதிலும் ஒரே ஒரு கேள்வி. புகழ்பெற்ற தனியார் கல்லூரி ஒருபுறம். செலவு குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம் மறுபுறம். இரண்டிலும் இடம் கிடைத்த பிள்ளை எதில் சேர வேண்டும்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் இந்தக் கேள்விக்கென்றே ஒரு மாதம் இருக்கிறது. மார்ச் கடைசியில் பெரிய கல்லூரிகளின் முடிவுகள் வெளியாகின்றன. மே முதல் நாளுக்குள் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். நடுவில் இருக்கும் ஏப்ரல் முழுவதும் வீடு வீடாக இதே பேச்சு. அப்பா கணக்குப் போடுகிறார். அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கும் தாத்தாவும் பாட்டியும் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "ஹார்வர்ட் கிடைச்சிருக்குன்னு சொன்னியே, அப்புறம் என்ன யோசனை?"

என்ன யோசனை? பணம்தான் யோசனை. 2024-25 கல்வியாண்டில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளிடம் கேட்ட கல்விக் கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 11,610 டாலர். லாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகளில் சராசரி 43,350 டாலர். விடுதி, உணவு எல்லாம் சேர்த்தால் புகழின் உச்சியில் இருக்கும் கல்லூரிகள் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு 3,20,000 டாலர்! ஒரு வீட்டின் விலை அல்லவா அது? அந்தப் பணம் எதற்காக? பாடத்துக்காகவா? ஆசிரியருக்காகவா? அல்லது அந்தப் பெயருக்காகவா?

இதற்கு விடை தேட வேண்டுமானால், முதலில் இந்த இரண்டு வகைக் கல்விக்கூடங்களும் எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும்.

ஹார்வர்ட் தொடங்கிய ஆண்டு 1636. அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே அது தோன்றிவிட்டது. யேல் 1701. பிரின்ஸ்டன் 1746. சமயப் போதகர்களையும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உருவாக்கிய இடங்கள் அவை. நன்கொடைமேல் நன்கொடை சேர்ந்து, இன்று ஹார்வர்டின் மூலதன நிதி மட்டும் 5,300 கோடி டாலருக்கு மேல்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. 1862 ஜூலை 2. உள்நாட்டுப் போர் மூண்டு நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்த வேளையில் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திடுகிறார். மோரில் சட்டம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு மாநிலத்துக்கும், நாடாளுமன்றத்தில் அதற்கிருக்கும் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம். அந்த நிலத்தை விற்று வரும் பணத்தில் உழவும் தொழில்நுட்பமும் கற்றுத்தரும் கல்லூரிகளை நடத்த வேண்டும். யாருக்காக? உழவர் வீட்டுப் பிள்ளைக்காக. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்காக. அந்த நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும், கல்லூரிப் படிப்பு எளிய குடும்பத்துக்கும் உரியது என்று ஓர் அரசு சட்டமாகவே எழுதிவைத்த நாள் அது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1960இல், கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. கிளார்க் கெர் என்ற கல்வியாளர் முன்னின்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார். பள்ளி முடிக்கும் மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி; அங்கிருந்து படித்து மேலேறவும் வழி. படிக்க விரும்பும் எவருக்கும் கதவடைப்பு இல்லை என்று ஒரு மாநிலம் சொன்னது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் யார்? திட்டத்துக்கு முன்பே வந்தவர் ஒருவர், கிளென் சீபோர்க். எளிய குடும்பத்துப் பிள்ளை. உள்ளூர் மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். புளூட்டோனியத்தைக் கண்டறிந்த குழுவில் இருந்தார். 1951இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. கட்டணம் இல்லாத கல்வி ஒரு நாட்டுக்கு என்ன திருப்பித் தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சரி, இப்போது விலைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்கத் தனியார் கல்லூரி அறிவிக்கும் கட்டணம், ஆடித் தள்ளுபடிக்கு முன் பட்டுச் சேலையில் தொங்கும் விலைச்சீட்டைப் போன்றது. அதை முழுதாகக் கொடுப்பவர்களும் உண்டு. பாதி கொடுப்பவர்களும் உண்டு. எதுவுமே கொடுக்காதவர்களும் உண்டு. யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைக் குடும்ப வருமானம் தீர்மானிக்கிறது.

2001இல் பிரின்ஸ்டன் ஒரு முடிவெடுத்தது. தேவையுள்ள மாணவருக்குக் கடன் கொடுப்பதில்லை. திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையே கொடுப்பது. 2004இல் ஹார்வர்ட், ஆண்டு வருமானம் 40,000 டாலருக்குக் குறைந்த குடும்பம் ஒரு காசும் தர வேண்டாம் என்றது. அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2025-26 முதல், வருமானம் 1,00,000 டாலருக்குள் உள்ள குடும்பத்துக்கு விடுதி, உணவு உட்பட எல்லாமே இலவசம். 2,00,000 டாலருக்குள் உள்ள குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

இதன் பொருள் என்ன? துப்புரவுப் பணியாளரின் மகளுக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தால், பக்கத்து ஊரில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட ஹார்வர்டே அவளுக்கு மலிவாக இருக்கலாம்! மருத்துவரின் மகளுக்கு அதே இடம் 3,20,000 டாலர் ஆகலாம். ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பட்டம். விலை மட்டும் இரண்டு. எனவே, "எது மலிவு?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனே இல்லை. "எங்கள் குடும்பத்துக்கு எது மலிவு?" என்றுதான் கேட்க வேண்டும். அதைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டமே இருக்கிறது.

ஆனால், இந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களுக்குத்தான் போய்ச் சேர்வதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் இதை ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. சூசன் டைனார்ஸ்கி என்ற பொருளியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2015 முதல் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அஞ்சல் உறை போயிற்று. உள்ளே இருந்தது ஒரே உறுதி: "விண்ணப்பம் செய், இடம் கிடைத்தால் நான்காண்டும் கல்விக் கட்டணம் இல்லை."

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும். கூடுதலாகக் கொடுத்தது பணத்தை அன்று, வாக்குறுதியை. விளைவு? கடிதம் கிடைக்காதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்களில் 68 விழுக்காட்டினர்! சேர்ந்தவர்கள் 12 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஓர் உறையும் உள்ளே சில வரிகளும் இத்தனை பிள்ளைகளின் பாதையைத் திருப்ப முடியும் என்றால், இத்தனை காலம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது எது? திறமைக் குறைவா? இல்லை. அச்சம். "இது நமக்கு ஆகாது" என்ற அச்சம்.

அடுத்த கேள்வி, எல்லோரும் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்வி. பெரிய கல்லூரியில் படித்தால் பெரிய சம்பளம் கிடைக்குமா?

பெரிய கல்லூரியில் படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால், அது கல்லூரியால் வந்ததா, இல்லை, அங்கே நுழையும் அளவுக்கு அவர்களிடம் முன்பே இருந்த திறமையால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் அதற்கு அருமையான ஒரு வழியைக் கண்டார்கள். குரூகர் பிரின்ஸ்டனில் பேராசிரியர். பின்னாளில் அதிபர் ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் புகழ்பெற்ற கல்லூரிக்குப் போனார்கள். சிலர் போட்டி குறைந்த கல்லூரியைத் தேர்ந்தார்கள். 1976இல் கல்லூரியில் சேர்ந்த அவர்கள் 1995இல் என்ன சம்பாதித்தார்கள் என்று ஒப்பிட்டார்கள்.

2002இல் அச்சில் வந்த அந்த ஆய்வின் முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. இரு சாராரின் வருமானமும் ஏறத்தாழ ஒன்றுதான்! பிள்ளையின் திறமையும் ஊக்கமும் பிள்ளையோடு போகின்றன. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே போகின்றன. இன்னும் வியப்பு என்னவென்றால், ஒரு மாணவர் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போன கல்லூரியின் தரம்கூட அவருடைய பிற்கால வருமானத்தோடு ஒத்துப்போனது. உயர்ந்த இடத்துக்கு முயன்று பார்க்கும் துணிவு இருக்கிறதே, அதுவே ஒரு சொத்து.

இதற்குத் திரைத்துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற திரைப்படப் பள்ளியில் சேர விரும்பினார். இடம் கொடுக்கவில்லை. லாங் பீச்சில் இருக்கும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நடுவிலேயே படப்பிடிப்புக்குப் போய்விட்டார். 'ஜாஸ்', 'ஈ.டி.', 'ஜுராசிக் பார்க்' என்று உலகையே கட்டிப்போட்டார். இடம் மறுத்த பல்கலைக்கழகம் 1994இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பின்னர்த் தன் அறங்காவலர் குழுவிலும் சேர்த்துக்கொண்டது. ஸ்பீல்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? 2002இல், லாங் பீச்சில் விட்டுப்போன பாடங்களை முடித்து, மற்ற மாணவர்களோடு வரிசையில் நின்று பட்டம் வாங்கினார்.

அப்படியானால் பெரிய கல்லூரி தேவையே இல்லையா? அவசரப்பட வேண்டாம். டேலும் குரூகரும் கண்ட முடிவுக்கு விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்குகளில்தான் இந்த உரையின் உயிரே இருக்கிறது.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே வருமானத்தை உயர்த்தியது. 2011இல் அதே இருவர் இன்னும் விரிவான வருமானப் பதிவுகளை வைத்து மீண்டும் ஆராய்ந்தபோது, கறுப்பின மாணவர், ஹிஸ்பானிய மாணவர், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருக்கும் அந்தப் பயன் தெரிந்தது. தமிழ்நாட்டு வழக்கில் சொன்னால், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு.

ஏன் அவர்களுக்கு மட்டும்? மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு அறிமுகங்கள் வீட்டுக் கூடத்திலேயே கிடைக்கின்றன. நேர்காணலுக்கு எப்படிப் போவது, யாரிடம் பரிந்துரை கேட்பது, எந்த மேற்படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதெல்லாம் சோற்றோடு ஊட்டப்படுகின்றன. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

சோனியா சோட்டோமேயரை எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், அரசு குடியிருப்பில் வளர்ந்தவர். பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். தந்தை படித்தது மூன்றாம் வகுப்பு வரை. மகளுக்கு ஒன்பது வயதானபோது அவரும் மறைந்தார். தாய் செவிலியர் வேலை பார்த்து வளர்த்தார். அந்தப் பெண் முழு உதவித்தொகையோடு பிரின்ஸ்டனில் சேர்ந்தார். 1976இல் பட்டம் பெற்றார். யேலில் சட்டம் படித்தார். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பிரின்ஸ்டனின் வாசல் அவருக்குத் திறந்துவிட்ட உலகம் சிறியதா? அந்தப் பெயர் அவருக்குக் கொடுத்தது வீணா?

உச்ச நீதிமன்றம் என்றதும் இன்னொரு செய்தி. இப்போது அங்கே இருக்கும் 9 நீதிபதிகளும் இளங்கலை படித்தது தனியார் கல்லூரிகளில்தான். ஒருவர்கூட மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. இது தற்செயலா?

தற்செயல் இல்லை என்று காட்டியவர் ராஜ் செட்டி. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் தில்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போய், இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் பொருளியல் அறிஞர். 2023இல் அவரும் டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட, ஐவி லீக் எனப்படும் கல்லூரிகள் 8; அவற்றோடு ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி., டியூக், சிகாகோ. ஆக 12 கல்விக்கூடங்கள். அமெரிக்கர்களில் அரை விழுக்காட்டினர்கூட இவற்றில் படிப்பதில்லை. ஆனால், செனட் உறுப்பினர்களில் கால் பங்கினர் இங்கே படித்தவர்கள். கடந்த அரை நூற்றாண்டில் அமர்த்தப்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் முக்கால் பங்கினர் இங்கே படித்தவர்கள்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குப் பதிலாக இந்தப் பன்னிரண்டில் ஒன்றில் சேர்ந்தவருக்குச் சராசரி வருமானம் பெரிதாகக் கூடிவிடவில்லை. டேலும் குரூகரும் சொன்னது அங்கே சரியாகவே இருந்தது. ஆனால், வருமானத்தில் நாட்டின் முதல் 1 விழுக்காட்டுக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு கூடியது. புகழ்பெற்ற மேற்படிப்பு நிறுவனத்தில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கானது.

ஆக, நல்ல வேலை, நல்ல வீடு, நிம்மதியான வாழ்க்கை வேண்டுமா? மாநிலப் பல்கலைக்கழகம் அதைக் கொடுக்கும். நாட்டின் உச்சியில் இருக்கும் சில நாற்காலிகளில் கண் வைத்திருக்கிறாரா பிள்ளை? அங்கே பெரிய கல்லூரியின் பெயருக்கு மதிப்பு உண்டு. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

அந்த நாற்காலிகளுக்குப் போகும் படிக்கட்டில் யாரை ஏற்றுகிறார்கள்? வேதனை தரும் பகுதி இதுதான். தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு பிள்ளைகள். ஒருவர் நடுத்தரக் குடும்பம். மற்றவர் நாட்டின் முதல் 1 விழுக்காட்டுச் செல்வக் குடும்பம். செல்வர் வீட்டுப் பிள்ளை இந்தப் பன்னிரண்டில் ஒன்றில் நுழையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். அப்பா அங்கே படித்தவர் என்பதற்கு ஒரு சலுகை; விலையுயர்ந்த விளையாட்டுப் பயிற்சிக்கு ஒரு சலுகை. மாநிலங்களின் முதன்மைப் பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட சாய்வு இல்லை என்றும் அதே ஆய்வு காட்டுகிறது. 2017இல் செட்டி குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு 38 கல்லூரிகளைச் சுட்டிக் காட்டியது. அங்கெல்லாம், வருமானத்தில் கீழே இருக்கும் 60 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளைவிட, உச்சியில் இருக்கும் 1 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளே அதிகம். யேல், பிரின்ஸ்டன் உட்பட ஐவி லீக்கின் 5 கல்லூரிகள் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் ஏழையைத் தூக்கிவிடுவது யார்?

அதே 2017 ஆய்வு அதற்கும் விடை சொல்கிறது. மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்து, மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறியவர்கள் எந்தக் கல்லூரியில் அதிகம் என்று எண்ணினார்கள். முதலிடம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே படித்த 100 பேரில் ஏறத்தாழ 10 பேர் அப்படி ஏறியவர்கள். அந்தப் பன்னிரண்டு பெரிய கல்லூரிகளில்? 100 பேரில் சுமார் 2 பேர்தான். ஏனென்றால், ஏழைப் பிள்ளைகளை அவை சேர்த்துக்கொள்வதே குறைவு.

நியூயார்க் நகரத்தின் சிட்டி காலேஜ் இதற்கு இன்னொரு சாட்சி. 1847இல் கட்டணமில்லாக் கல்விக்கூடமாகத் தொடங்கியது. 1976 வரை கல்விக் கட்டணம் வாங்கவில்லை. 1956 புரட்சிக்குப் பின் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த ஓர் இளைஞர், கையில் காசில்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1960இல் வேதிப் பொறியியலில் பட்டம் பெற்றார். பெர்க்லியில், அதுவும் மாநிலப் பல்கலைக்கழகம்தான், முனைவரானார். அவர்தான் இன்டெல் நிறுவனத்தை உலகின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்த ஆண்டி குரோவ். 2005இல் அவர் 2.6 கோடி டாலரைத் தன் சிட்டி காலேஜுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அரசியலிலும் ஒருவரைச் சொல்லலாம். லிண்டன் ஜான்சன். டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்ற சிற்றூர். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. கூட்டிப் பெருக்கும் வேலை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துப் படித்தார். நடுவில் பணம் போதாமல், மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். பின்னாளில் அதிபரானார். மாணவர்களுக்கு அரசு உதவித்தொகையும் கடனும் தரும் உயர்கல்விச் சட்டத்தில் 1965 நவம்பர் 8 அன்று அவர் கையெழுத்திட்டது எங்கே? வெள்ளை மாளிகையில் இல்லை. தான் படித்த அந்தச் சான் மார்க்கோஸ் கல்லூரியில்!

மாநிலப் பல்கலைக்கழகத்தை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் குறையையும் சொல்ல வேண்டும். எல்லா மாநிலப் பல்கலைக்கழகமும் பெர்க்லி ஆகிவிடாது. ஹார்வர்டில் இளங்கலை மாணவர் சுமார் 7,000 பேர். பெர்க்லியில் 33,000 பேர். முதலாண்டு வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கம். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டுப் பெறத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கூச்சப்படும் பிள்ளை கூட்டத்தில் கரைந்துவிடும். 2014இல் சேர்ந்தவர்களில், அரசுக் கல்விக்கூடங்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர் 100க்கு 63 பேர்தான். பெரிய தனியார் கல்லூரிகளிலோ 95க்கு மேல். மிச்சிகன், பெர்க்லி போன்ற மாநில முதன்மைப் பல்கலைக்கழகங்களில் 90க்கு மேல்.

பாதியில் நின்றவரின் நிலை என்ன? பட்டமும் இல்லை, கடன் மட்டும் மிச்சம். பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவனும் வேறு இருவரும் சேர்ந்து 2009இல் எழுதிய நூல் இதைத்தான் எச்சரித்தது. தகுதிக்குக் குறைந்த கல்லூரியில், செலவையோ தூரத்தையோ அஞ்சிச் சேரும் நல்ல மாணவர்கள், படிப்பை முடிக்காமல் போகும் ஆபத்து அதிகம். ஆகவே, "மாநிலப் பல்கலைக்கழகம், மலிவு" என்று மட்டும் பார்க்கக் கூடாது. அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காண்டில் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் கதைக்கு வருவோம். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, ஐ.ஐ.டி. கரக்பூருக்குப் பின் சேர்ந்தது ஸ்டான்ஃபோர்ட். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி மேற்படிப்புக்குப் போனது யேல். இந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால், மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா அமெரிக்காவில் முதலில் படித்தது மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அடோபியின் சாந்தனு நாராயண் படித்தது ஓஹாயோவின் பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழகத்தில். ஐ.பி.எம். தலைவர் அர்விந்த் கிருஷ்ணா முனைவரானது இல்லினாய் பல்கலைக்கழகத்தில். மூன்றும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். சில வெற்றியாளர்களை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனாலும், பெயர் இல்லாத இடத்தில் படித்தால் வாழ்க்கை முடிந்தது என்ற பயத்தை விரட்ட இந்தப் பெயர்கள் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையை இளங்கலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணம் அந்த மாநிலத்தில் வாழ்ந்து வரி கட்டும் குடும்பத்துக்குத்தான். வெளியாருக்கு 2024-25இல் சராசரியே 30,780 டாலர். பெர்க்லி, மிச்சிகன் போன்ற இடங்களில் அதைவிட மிக அதிகம். வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கு அங்கே உதவித்தொகை கிடைப்பதும் அரிது. மாறாக, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவையான முழு உதவியையும் செய்கின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம். கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. ஆராய்ச்சிப் படிப்பில் நிலைமை மாறுகிறது. ஆய்வு உதவியாளர், பயிற்றுவிக்கும் உதவியாளர் பணிகளோடு கட்டண விலக்கும் தந்து, தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பலரை ஆளாக்கியவை அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களே. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், தனியாகப் போய் இறங்கிய இடமும் பெர்க்லிதான்.

தமிழுக்கும் இந்த இரு வாசல்களும் திறந்திருக்கின்றன. சங்க இலக்கியத்தை ஆங்கில உலகுக்கு எடுத்துச்சொன்ன ஜார்ஜ் ஹார்ட் பட்டம் பெற்றது ஹார்வர்டில். பல்லாண்டுக் காலம் தமிழ் கற்பித்தது பெர்க்லியில். பெர்க்லியில் தமிழ் இருக்கை 1990களிலேயே அமைந்துவிட்டது. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டி முடித்தது 2018இல். தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது.

பெற்றோர்களே, மாணவர்களே! தீர்ப்புக்கு வருவோம்.

வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, நல்ல மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெரிய தனியார் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் வீட்டை அடகு வைக்க வேண்டும் என்றால், மாநிலப் பல்கலைக்கழகமே சரி. கடன் சுமையின்றிப் பட்டம் பெறும் பிள்ளை, பிடித்த வேலையைத் தேடவும் மேற்படிப்புக்குப் போகவும் தைரியம் உள்ள பிள்ளை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பெரிய கல்லூரி உதவித்தொகையோடு கதவைத் திறந்தால், தயங்காமல் அனுப்புங்கள். அந்தப் பெயரால் மிகுந்த பயன் பெறப்போவது அந்தப் பிள்ளைதான்.

முடிவெடுக்கும் முன் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். உதவித்தொகை போக நான்காண்டுக்கும் சேர்த்து வீட்டிலிருந்து போகும் பணம் எவ்வளவு? அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் காலத்தில் பட்டம் பெறுகிறார்கள்? பட்டம் பெறும் நாளில் பிள்ளையின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கும்? இந்த மூன்றும் தெரியாமல் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

அமெரிக்காவில் நல்ல நிலையில் இருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலரைக் கட்டணமின்றிப் படிக்க வைத்தது ஏதோ ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகம். அங்கே படிக்க வரும் அடுத்த ஏழை மாணவருக்கு ஓர் உதவித்தொகை நிறுவுங்கள். உங்கள் மாநில அரசு அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியில் கை வைக்கும்போது குரல் கொடுங்கள்.